எழுத்துக் கூட்டத் தடுமாறும் பிள்ளைக்குக் கைகொடுக்க: மட்டக்களப்பு, அம்பாறை அரச பாடசாலைகளுக்கான முழுமையான வழிகாட்டி

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் ஒரு சிறிய பாடசாலையில் 4ஆம் தரம் படிப்பித்த காலம். வகுப்பில் ஒரு பையன். வசந்தன் கூத்துப் பாட்டுகளை ஒரு வரி பிசகாமல் பாடுவான். தகப்பனோடு வட்டைக்கு (வயலுக்கு) போய்ப் பழகியவன், எப்போது தண்ணீர் கட்ட வேண்டும், எப்போது வடிய விட வேண்டும் என்று எனக்கே விளங்கப்படுத்துவான். கரும்பலகையில் "கோழி" என்று எழுதி வாசிக்கச் சொன்னால் மட்டும் வாய் மூடிவிடும். நான் அவனைச் சோம்பேறி என்றேன். எல்லோர் முன்னாலும் எழுப்பி வாசிக்க வைத்தேன். கொஞ்சக் காலத்தில் திங்கட்கிழமைகளில் வயிற்றுவலி என்று வீட்டில் நிற்கத் தொடங்கிவிட்டான். பிழை என்னுடையது. அதற்குப் பிறகு நான் படித்ததையும் செய்து பார்த்ததையும்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் சொல்ல வருவதில் முக்கியமானது ஒன்றுதான். வைத்தியரின் அறிக்கை கையில் வரும்வரை எந்த ஆசிரியரும் காத்திருக்க வேண்டாம். ஒரு 80 பக்கக் கொப்பியும் ஒரு நாளைக்கு 20 நிமிடமும் இருந்தால் நாளைக்கே தொடங்கலாம். அறிக்கை தேவைப்படும் நாளில் அதைப் பெற்றுத் தருவதும் அந்தக் கொப்பிதான்.

எதைக் கற்றல் குறைபாடு என்கிறோம்

பார்வை, கேட்கும் திறன், புத்தி எல்லாம் வயதுக்கு ஏற்றபடி இருந்தும், ஒழுங்காகப் பாடசாலைக்கு வந்தும், வாசிப்பிலோ எழுத்திலோ கணக்கிலோ மட்டும் ஒரு பிள்ளை விடாமல் தடுமாறினால் அதைக் கற்றல் குறைபாடு என்று சந்தேகிக்கலாம். இந்தப் பெயர் 1963இல் அமெரிக்க உளவியலாளர் சாமுவேல் கிர்க் மூலம் பரவியது. வாசிப்பில் வருவதை டிஸ்லெக்சியா என்றும், எழுத்தில் வருவதை டிஸ்கிராஃபியா என்றும், கணக்கில் வருவதை டிஸ்கல்குலியா என்றும் சொல்வார்கள். ஒரே பிள்ளையிடம் இரண்டு சேர்ந்தும் இருக்கலாம், கவனக் குறைபாடும் கூட வரலாம்.

இது பரம்பரையில் ஓடும். வளர்ந்தால் தானாகப் போய்விடும் என்றிருப்பது சரியல்ல. அதேநேரம், சரியான முறையில் படிப்பித்தால் பெரும்பாலான பிள்ளைகள் வாசிக்கப் பழகிவிடுவார்கள், வேகம்தான் கொஞ்சம் குறைவாக இருக்கும். "மெல்லக் கற்போர்" என்ற ஒரே கூடைக்குள் எல்லோரையும் போடும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. அந்தச் சொல்லை நான் விட்டுவிட்டேன். எங்கே தடுமாற்றம் என்று அது ஒன்றும் சொல்வதில்லை.

படி 1: கொப்பியைத் திறந்து இரண்டு கிழமை கவனியுங்கள்

கொப்பியின் முதல் பக்கத்தில் பிள்ளைக்கு எது நன்றாக வரும் என்று எழுதுங்கள். கூத்து, படம் கீறுதல், விளையாட்டு, கதை சொல்லுதல், கடைக்கணக்கு, எதுவாகவும் இருக்கலாம். பெற்றோரோடு கதைக்கும்போது இந்தப் பக்கத்தில் இருந்துதான் தொடங்குவீர்கள்.

இரண்டாம் பக்கத்தில் இருந்து, திகதி போட்டுக் கண்டதைக் கண்டபடி எழுதுங்கள். "வாசிப்பு மோசம்" என்று எழுதினால் யாருக்கும் பயனில்லை. "20 சொல் கொடுத்தேன், 6 சரி, 4 நிமிடம் எடுத்தது, 'பட்டம்' என்பதைப் 'படம்' என்றான், 'கால்' என்பதைக் 'கல்' என்றான்" என்று எழுதினால் அடுத்து என்ன படிப்பிக்க வேண்டும் என்று அதுவே சொல்லும். பிள்ளை எழுதிய தாளையும் வெட்டி ஒட்டி வையுங்கள்.

தமிழில் எதைத் தேடுவது? ஆங்கிலப் பிள்ளை b, d இரண்டையும் மாற்றி எழுதும் என்ற கதை எங்கும் கிடைக்கிறது. நம் எழுத்தின் சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. "கோ" என்று எழுதும்போது கொம்பு முன்னால் நிற்கிறது, "க" நடுவில், அரவு (ா) பின்னால். கண் இடமிருந்து வலமாகப் போகிறது, ஒலி அந்த ஒழுங்கில் வருவதில்லை. உகர வரிசையைப் பாருங்கள். கு, சு, டு, து, பு, மு, ரு என்று ஒரே "உ" ஒலி ஒவ்வொரு எழுத்திலும் ஒவ்வொரு வடிவம் எடுக்கிறது. "பல்" என்பதில் உள்ள "ப"வும் "தம்பி"யில் உள்ள "பி"யும் ஒலியில் ஒன்றல்ல. 247 எழுத்தையும் வரிசையாகப் பாடமாக்கிய பிள்ளை சொல்லுக்குள் வந்ததும் திக்குமுக்காடுவது இதனால்தான்.

ஆகவே இவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள்: புள்ளியை விடுவது, குறிலையும் நெடிலையும் மாற்றுவது, கொம்பை எழுத்துக்குப் பின்னால் போடுவது, முதல் எழுத்தைப் பார்த்து மிச்சத்தை ஊகிப்பது, கரும்பலகையைப் பார்த்து அழகாக எழுதிவிட்டு அதையே சொல்வதெழுதலில் எழுத முடியாமல் போவது, ஒரே சொல்லை ஒரே பக்கத்தில் மூன்று விதமாக எழுதுவது, நேற்று வாசித்த சொல்லை இன்று புதிதாகப் பார்ப்பது. ள, ழ மயக்கத்தை மட்டும் கணக்கில் எடுக்க வேண்டாம். நம் பேச்சில் அவை இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாகிவிட்டன. பெரியவர்களே பிழை விடுகிறோம்.

படி 2: வேறு காரணம் இருக்கிறதா என்று பாருங்கள்

கண்ணும் காதும் முதலில். சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகத்தால் பாடசாலை மருத்துவப் பரிசோதனை 1, 4, 7, 10ஆம் தரங்களில் நடக்கும். உங்கள் பிள்ளை அந்தத் தரத்தில் இல்லாவிட்டாலும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் சொல்லிப் பார்க்கச் செய்யலாம். காதில் அடிக்கடி சீழ் வருகிறதா என்று கேளுங்கள். பிள்ளைக்குப் பின்னால் நின்று மெல்லப் பேர் சொல்லிக் கூப்பிட்டுப் பாருங்கள்.

அப்புறம் வரவு இடாப்பு. அறுவடைக் காலத்தில் எத்தனை நாள் வரவில்லை? காலையில் சாப்பிட்டு வருகிறதா? தாய் மத்திய கிழக்குக்குப் போய் அம்மம்மாவோடு வளர்கிற பிள்ளையா? அப்படியான பிள்ளைகள் நம் ஒவ்வொரு வகுப்பிலும் இருக்கிறார்கள். அந்தப் பிள்ளைக்கு முதலில் தேவைப்படுவது வேறு. சில வேளைகளில் குறைபாடும் இருக்கும், வீட்டுத் துயரமும் இருக்கும். ஒன்றைக் காரணம் காட்டி மற்றதை மூடிவிடக் கூடாது.

படி 3: வீட்டாரோடு கதையுங்கள்

பெற்றோர் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் இதைச் சொல்ல வேண்டாம். தனியாக வரச் சொல்லுங்கள், முடிந்தால் நீங்களே வீட்டுக்குப் போங்கள். நான் இப்படித் தொடங்குவேன்: "தங்கச்சி, மகன்ட கதையும் கேட்கிற கேள்வியும் நல்ல விளக்கமா இருக்கு. எழுத்து மட்டும்தான் பிடிபடுதில்ல. இவருக்கு வேற விதமாப் படிப்பிக்க வேணும். நான் பள்ளிக்கூடத்தில தொடங்கிட்டன். வீட்டில நீங்களும் ஒரு சின்ன வேலை செய்யோணும்."

பல தடவை தகப்பன் குனிந்தபடி, "எனக்கும் இப்பிடித்தான் டீச்சர், படிப்பு ஏறல்ல" என்பார். அதைக் கொப்பியில் எழுதிக்கொள்ளுங்கள். பரம்பரைத் தகவல் வைத்தியருக்கு உதவும். தகப்பனுக்கும் அந்த நேரத்தில் ஒரு வார்த்தை சொல்லுங்கள். 30 வருடமாகத் தன்னை மொக்கன் என்று நினைத்துக்கொண்டிருந்த மனிதர் அவர்.

நேர்த்தி வைப்பவர்கள் வைக்கட்டும், ஓதிப் பார்ப்பவர்கள் பார்க்கட்டும். அதோடு கிளினிக்குக்கும் வர வேண்டும் என்று கேட்டுக்கொண்டால் போதும். அடிப்பதை மட்டும் நிறுத்தச் சொல்லுங்கள். பாடசாலையில் அடிப்பதைக் கல்வி அமைச்சு 2005ஆம் ஆண்டே சுற்றறிக்கை மூலம் தடை செய்துவிட்டது. வீட்டிலும் அது நிற்க வேண்டும். இன்னொரு டியூசன் வகுப்பு போடுவதும் தீர்வல்ல. விளங்காத முறையை மாலையிலும் ஒரு தரம் திரும்பச் செய்வதாகவே அது முடியும்.

படி 4: ஒரு நாளைக்கு 20 நிமிடம்

இடைவேளையை எடுக்காதீர்கள். வகுப்பில் தோற்கிற பிள்ளை வெல்கிற இடம் விளையாட்டுத் திடல். மற்றவர்கள் குழுவேலை செய்யும் நேரத்தில் இவரையும், இவரைப் போல இன்னும் இரண்டு மூன்று பேரையும் பக்கத்தில் இருத்திக்கொள்ளுங்கள். கிழமையில் ஒரு நாள் இரண்டு மணித்தியாலம் இருப்பதைவிட நாளுக்கு 20 நிமிடம் பலன் தரும்.

முதல் 5 நிமிடம் எழுத்தே வேண்டாம், காது மட்டும். வசந்தன் ஆட்டத்தில் கோல் அடிப்பது போல இரண்டு பென்சிலைத் தட்டி "வ-சந்-தன்", "மாம்-ப-ழம்" என்று பிரிக்கச் சொல்லுங்கள். "மாம்பழத்தில் மாம் போனால் என்ன மிச்சம்?" "கடலில் முதல் எழுத்தை உ ஆக்கினால்?" பழம் என்றும் உடல் என்றும் பதில் வரும்வரை விளையாடுங்கள். சொல்லுக்குள் இருக்கும் ஒலிகளைப் பிரித்துக் கேட்பதுதான் இந்தப் பிள்ளைகளுக்குக் கடினம். அது பிடிபடாமல் எழுத்து ஒட்டாது.

அடுத்த 10 நிமிடம் எழுத்து. அ, ஆ என்று முதலில் இருந்து தொடங்க வேண்டாம். ஐந்தே எழுத்து எடுங்கள்: ப, ட, ம, க, ல. புள்ளி வைத்தும் வைக்காமலும் இவற்றால் படம், பட்டம், பல், கல், கடல், பகல், கப்பல், மடல் எல்லாம் வந்துவிடும். முதல் கிழமையிலேயே பிள்ளை "கப்பல்" என்று தானாக வாசித்துவிட்டுத் தலை நிமிர்ந்து பார்க்கும். அந்தப் பார்வைக்காகவே இந்த ஒழுங்கை வைத்திருக்கிறேன். பிறகு அரவைச் சேர்த்தால் பால், கால், பாடம், மாமா என்று வளரும். கல்-கால், பல்-பால் என்று சோடியாக வைத்தால் குறில் நெடில் வித்தியாசம் காதிலும் கண்ணிலும் சேர்ந்து பதியும். அப்புறம் இகரம். ஒரு குறி நன்றாகப் பதிந்த பிறகே அடுத்தது, அதற்கு இரண்டு கிழமை பிடித்தாலும் சரி. ன, ண இரண்டையும் ஒரே கிழமையில் தொடாதீர்கள். ல, ள அப்படியே.

ஒவ்வொரு எழுத்தையும் கை அறிய வேண்டும். ஏடு தொடக்கும்போது அரிசியில் விரல் பிடித்து எழுத வைப்போமே, அதே முறைதான். ஒரு சுளகில் கடற்கரை மணலைப் பரப்பி, ஒலியைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டே விரலால் எழுதச் சொல்லுங்கள். கண், காது, வாய், கை நான்கும் ஒரே நேரத்தில் வேலை செய்ய வேண்டும்.

கொம்பு எழுத்துகளைக் கடைசிக்கு வையுங்கள். அதற்கு மட்டைத்துண்டு முறை நன்றாக வேலை செய்யும். "க"வை நீலத்தில் ஒரு துண்டிலும், இரட்டைக் கொம்பையும் அரவையும் சிவப்பில் இரண்டு துண்டுகளிலும் எழுதுங்கள். பிள்ளை முதலில் நீலத் துண்டை மேசையில் வைத்து "க்" என்று சொல்ல வேண்டும். பிறகு இரண்டு சிவப்புத் துண்டையும் இரு பக்கமும் வைத்து "ஓ" என்று சொல்ல வேண்டும். சேர்த்தால் "கோ". சிவப்பு இரண்டும் சேர்ந்து ஒரே ஒலிதான் என்பது நிறத்திலேயே தெரிந்துவிடும். தொடக்கத்தில் சொன்ன அந்தப் பையன் "கோழி"யை வாசித்தது இந்தத் துண்டுகளை வைத்துத்தான்.

மிச்ச 5 நிமிடம் வாசிப்பு. பாடப்புத்தகத்தை விடுங்கள், பிள்ளையின் வாயில் இருந்தே பாடத்தை எடுங்கள். "நேற்று என்ன செய்தீங்க?" என்று கேட்டால், "அப்பாவோட ஆத்துக்குப் போன. வலை போட்டம். மறுகா செல்வன் மீன் பட்டுது" என்று சொல்லும். அதை அப்படியே எழுதி அதையே வாசிக்க வையுங்கள். "மறுகா" என்று சொன்னால் "மறுகா" என்றே எழுதுங்கள், பக்கத்தில் "பிறகு" என்றும் எழுதிக் காட்டுங்கள். வீட்டுத் தமிழுக்கும் புத்தகத் தமிழுக்கும் இடையில் பிள்ளை தாண்ட வேண்டிய வாய்க்கால் ஒன்று இருக்கிறது. தடுமாறும் பிள்ளைக்கு அதில் ஒரு பலகை போட்டுக் கொடுக்க வேண்டும்.

வீட்டுக்குக் கொடுக்கும் வேலை ஒன்றே ஒன்று: அன்றைக்கு எழுதிய அந்த மூன்று வரியை அம்மாவுக்கோ உம்மாவுக்கோ வாசித்துக் காட்டுவது. தாய்க்கு வாசிக்கத் தெரியாவிட்டாலும் கேட்டுக்கொண்டிருந்தால் போதும்.

கணக்கில் தடுமாறினால்

தமிழ் எண் பெயர்களிலேயே ஒரு பொறி உண்டு. 80 எண்பது, 90 மட்டும் தொண்ணூறு. "நூறு" என்ற ஒலி உள்ளே இருப்பதால் பிள்ளை 100ஐ நினைத்துக்கொள்கிறது. 900 தொள்ளாயிரம், அதற்குள் ஆயிரம் ஒளிந்திருக்கிறது. இந்த இரண்டையும் தனியாக எடுத்து, மற்ற எண்களை விட அதிக நேரம் கொடுத்துப் படிப்பியுங்கள்.

இடப்பெறுமானத்துக்கு ஈர்க்கு போதும். பத்துப் பத்தாகக் கட்டி, தனி ஈர்க்குகளைப் பக்கத்தில் வைத்து, 43 என்றால் நான்கு கட்டும் மூன்று ஈர்க்கும் என்று கையால் எடுக்க வையுங்கள். கைவிரலில் எண்ணுவதைத் தடுக்க வேண்டாம். வாய்பாடு மனதில் நிற்காத பிள்ளைக்கு வாய்பாட்டு அட்டையை மேசையில் வைக்க அனுமதியுங்கள். கணக்கின் முறை விளங்கியதா என்பதுதான் நமக்குத் தெரிய வேண்டியது.

வகுப்பறையில் உடனே மாற்ற வேண்டியவை

முன்னறிவிப்பில்லாமல் எழுப்பி வாசிக்கச் சொல்லாதீர்கள். வாசிக்க வேண்டிய பந்தியை முதல் நாளே காட்டி அனுப்புங்கள். சொல்வதெழுதலில் மற்றவர்களுக்கு 20 சொல் என்றால் இவருக்கு 5. சுற்றாடல் பாடத்தில் விடை வாயால் சொன்னால் புள்ளி போடுங்கள், எழுத்துப் பிழைக்கு அங்கே வெட்ட வேண்டாம். கரும்பலகையில் இருந்து நீளமாகப் பார்த்தெழுதுவது இவர்களை வாட்டிவிடும். பக்கத்துப் பிள்ளையின் கொப்பியைப் போட்டோ எடுத்துக் கொடுத்தாலும் பரவாயில்லை. சிவப்புப் பேனையால் பக்கம் முழுவதும் சுழிக்காதீர்கள். அன்று படிப்பித்த ஒரு குறியை மட்டும் திருத்துங்கள்.

படி 5: எட்டுக் கிழமை கழித்துத் திரும்பப் பாருங்கள்

முதல் நாள் கொடுத்த அதே 20 சொல்லைத் திரும்பக் கொடுங்கள். 6 இருந்தது 14 ஆகியிருந்தால் முறை வேலை செய்கிறது, தொடருங்கள். அசைவே இல்லை என்றால் மேலே அனுப்ப வேண்டிய நேரம். இலக்கு வைத்துக் கொடுத்த உதவிக்குப் பிறகும் குறைந்தது 6 மாதம் தடுமாற்றம் நீடிப்பதை வைத்தே நிபுணர்கள் இதை உறுதிப்படுத்துவார்கள். ஆனால் பாதையைத் திறந்து வைக்க 6 மாதம் முடிய வேண்டியதில்லை.

இரண்டு கதவுகளையும் ஒரே நேரத்தில் தட்டுங்கள். ஒன்று கல்விப் பக்கம். அதிபர் ஊடாக உங்கள் வலயக் கல்வி அலுவலகத்தின் விசேட கல்விப் பிரிவுக்கு ஒரு கடிதம். மட்டக்களப்பு, மட்டக்களப்பு மத்தி, மட்டக்களப்பு மேற்கு, கல்குடா, பட்டிருப்பு என்று இங்கே, கல்முனை, சம்மாந்துறை, அக்கரைப்பற்று, திருக்கோவில், அம்பாறை என்று அங்கே, எந்த வலயமானாலும் கடிதத்தின் பிரதி ஒன்றில் பெற்றுக்கொண்டதற்கான திகதி முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

மற்றது சுகாதாரப் பக்கம். சுகாதார வைத்திய அதிகாரியிடம் காட்டி, அவரின் கடிதத்தோடு மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்கோ, அம்பாறைப் பக்கமானால் கல்முனை, அம்பாறை வைத்தியசாலைகளுக்கோ போகலாம். குழந்தை வைத்திய நிபுணர், உளநல வைத்தியர், பேச்சு சிகிச்சையாளர் என்று தேவையைப் பார்த்து அனுப்புவார்கள். வாகரையில் இருந்தோ பொத்துவிலில் இருந்தோ வரும் பெற்றோர் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுத்தான் பஸ் ஏறுகிறார்கள். எந்த நாளில் எந்தக் கிளினிக் என்று முன்பே கேட்டுச் சொல்வது ஆசிரியர் செய்யக்கூடிய பெரிய உதவி. அந்தப் பயணத்தில் 80 பக்கக் கொப்பி கட்டாயம் கையில் இருக்க வேண்டும். பத்து நிமிடம் பிள்ளையைப் பார்க்கிற வைத்தியருக்கு மூன்று மாதத்தை அது காட்டும்.

சில இடங்களில் வாசிக்கத் தெரியாத பிள்ளை எல்லாவற்றையும் பாடசாலைக்குள் தனி வகுப்பாக இயங்கும் விசேட கல்வி அலகுக்குத் தள்ளிவிடுகிறார்கள். அலகு தேவையான பிள்ளைகள் இருக்கிறார்கள், அவர்களுக்கு அது அருமையான இடம். வாசிப்புத் தடுமாற்றம் மட்டும் உள்ள பிள்ளையின் இடம் தன் வயதுப் பிள்ளைகளோடுதான், அலகு ஆசிரியரின் உதவியை அங்கே வரவழைக்க வேண்டும். அனுமதியே மறுத்தால், 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்க ஊனமுற்ற ஆட்களின் உரிமைகளைப் பாதுகாக்கும் சட்டத்தை எடுத்துச் சொல்லுங்கள். ஊனத்தைக் காரணம் காட்டிக் கல்வி நிறுவனம் ஒன்றில் அனுமதி மறுப்பதை அது தடுக்கிறது. கட்டாயக் கல்வி வயதும் 2016இல் 5 முதல் 16 வரை என்று நீட்டப்பட்டிருக்கிறது.

படி 6: பரீட்சைக்கு முன்கூட்டியே விண்ணப்பியுங்கள்

மேலதிக நேரம், வினாவை வாசித்துக் காட்டும் ஒருவர், விடையை எழுதிக் கொடுக்கும் ஒருவர் போன்ற ஏற்பாடுகளை விசேட தேவையுடைய பரீட்சார்த்திகளுக்காகப் பரீட்சைத் திணைக்களத்திடம் கேட்கலாம். அதிபர் ஊடாக, வைத்திய அறிக்கையோடு விண்ணப்பிக்க வேண்டும். எது கிடைக்கும் என்பதை ஆவணங்களைப் பார்த்துத் திணைக்களமே முடிவு செய்யும். ஆகவே 5ஆம் தரப் புலமைப்பரிசிலுக்கு 4ஆம் தரத்திலும், சாதாரண தரத்துக்கு 10ஆம் தரத்திலும் அலுவல்களைத் தொடங்குங்கள். சந்தேகம் இருந்தால் திணைக்களத்தின் 1911 இலக்கத்துக்கு அழைத்துக் கேட்கலாம். தவணைப் பரீட்சைகளிலும் அதே ஏற்பாட்டைக் கொடுத்துப் பழக்குங்கள். எழுதுபவரிடம் விடையைச் சொல்வதும் பழக வேண்டிய ஒரு வேலை, பரீட்சை மண்டபத்தில் முதல் தடவையாகச் செய்ய வராது.

சாதாரண தரத்தில் சித்தி கிடைக்காத பிள்ளைக்கும் வழி இருக்கிறது. 2017இல் தொடங்கிய 13 வருட உத்தரவாதக் கல்வித் திட்டத்தில், பெறுபேறு பார்க்காமல் 12ஆம் தரத்தில் தொழிற்பாடத் துறையில் சேர்க்கிறார்கள். 9ஆம் தரத்திலேயே அந்த வாய்ப்பைப் பெற்றோருக்குச் சொல்லி வையுங்கள்.

படி 7: கொப்பியைக் கைமாற்றுங்கள்

நான் கண்ட பெரிய இழப்பு 5க்கும் 6க்கும் இடையில்தான் நடக்கிறது. ஒரு ஆசிரியர் இருந்த இடத்தில் பாடத்துக்கு ஒருவர் வருகிறார்கள், பெரும்பாலும் பாடசாலையும் மாறுகிறது, மூன்று வருட உழைப்பு யாருக்கும் தெரியாமல் போகிறது. பிள்ளை திரும்பவும் "சோம்பேறி" ஆகிவிடுகிறது.

அதற்காகக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் புதிய வகுப்பாசிரியருக்கு இப்படி எழுதி, பெற்றோரின் கையிலேயே கொடுத்துவிடுங்கள்: "இவருக்கு வாயால் கேட்டால் விடை வரும். வாசிக்க மற்றவர்களைப் போல இரண்டு மடங்கு நேரம் தேவை. ஐகாரம், ஔகாரம் இன்னும் படிப்பிக்கவில்லை. எழுப்பி வாசிக்கச் சொல்ல வேண்டாம். வசந்தன் நன்றாகப் பாடுவார், முதல் தவணைக் கலைவிழாவில் இவருக்கு ஓர் இடம் கொடுங்கள்."